மறுமொழி: “குறுக்குத் தொற்று” வேண்டாம், வேற சொல் பாப்பம்

அக்காவுக்கு வணக்கம்.

சீலியாக் நோய்க் கையேட்டுக்கு நீங்கள் அனுப்பின சொற்பட்டியலைப் பாத்தன். சடைமுளை (சிறுகுடலின்ர உட்சுவரில விரல் மாதிரி நிக்கிற சின்ன முளை), பிறபொருளெதிரி (antibody, உடம்பு எதிர்ப்புக்கு உண்டாக்கிற புரதம்) எல்லாம் எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லுகள், அப்பிடியே இருக்கட்டும். “குளூட்டன் ஒவ்வாமை”யை எடுத்துவிடுங்கோ. இது ஒவ்வாமை இல்லை, கோதுமையில இருக்கிற குளூட்டன் உள்ளுக்குப் போனால் உடம்பு தன்ர சிறுகுடலையே தாக்கிற வருத்தம். எனக்குப் பெரிய தகராறு, குளூட்டன் இல்லாத சாப்பாட்டில தெரியாமல் குளூட்டன் வந்து சேருறதுக்கு (cross-contamination) நீங்கள் போட்ட “குறுக்குத் தொற்று” எண்டதோடதான்.

தொற்று எண்டால் எங்கட சனத்துக்குக் கிருமி. கிருமியெண்டால் வடிவாய் அவிச்சால் போச்சு. குளூட்டன் புரதம், அவிச்சாலும் பொரிச்சாலும் அந்த நோயாளிக்கு அது கூடாததுதான். எங்கட சொந்தத்தில ஒரு பிள்ளைக்குப் பாண், றொட்டி, ரவை எல்லாம் நிப்பாட்டியும் வயித்தூதலும் வயித்தோட்டமும் விடேல்லை. திரும்ப இரத்தம் சோதிச்சால் பிறபொருளெதிரி குறையவேயில்லை. தாய் சொல்லுறா, “நான் அரிசி மாப் புட்டுத்தானே குடுக்கிறன், அதுவும் நல்லாய் ஆவி வரவிட்டு.”

அந்த அரிசி, கோதுமை அரைக்கிற அதே மில்லில அரைபட்டது. வீட்டிலையும் ஒரே அரிதட்டு. மற்ற ஆக்களுக்கு அவிச்ச கோதுமை மாவை அரிச்சுப்போட்டு, ரெண்டு தட்டுத் தட்டிக் கொழுவி வைக்கிறது. கம்பிக் கண்ணுகளில வெள்ளையாய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இன்னும் மோசம். பனையோலைப் பின்னலுக்குள்ள போன மாவை எந்தத் தும்பு போட்டுத் தேய்ச்சாலும் எடுக்கேலாது. குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர நியமம்) விதிச்ச எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். கோதுமை மாவில ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குளூட்டன் எண்டு பிடிச்சால், ஒரு கிலோ அரிசி மாவுக்குள்ள கால் கிராம் கோதுமை மா விழுந்தாலே எல்லை தாண்டியிட்டுது. அந்த அரிதட்டில அதைவிடக் கூட இருக்கும்.

அண்ணை முன்மொழிஞ்ச “தொடுகலப்பு” பொருளுக்குச் சரி. ஆனால் இந்த ஊரில ‘தொடு’ எண்டவுடன துடக்கும் தீண்டாமையும் பின்னால வரும். புறம்பாய்ச் சட்டியும் கோப்பையும் வைச்சுச் சாப்பிடுற பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் குடுக்க எனக்கு மனமில்லை. (கைகலப்பு மாதிரியும் கேக்குது, அது வேற கதை.) நான் சொல்லுறது “ஒட்டுக்கலப்பு”. மா ஒட்டும், ஒட்டினது கலக்கும்.

ஒண்டு கவனியுங்கோ: கூட்டுப்பெருங்காயத்தை இதுக்குள்ள அடக்கக் கூடாது. அதில கனக்கக் கோதுமை மாவைத் தெரிஞ்சுதான் சேர்க்கிறாங்கள். சோயா சோசும் அப்பிடித்தான். இதுகளைப் பெட்டியில எழுதியிருக்கிறதை வாசிச்சுப் பிடிக்கலாம். அரிதட்டில இருக்கிறது ஒரு பெட்டியிலையும் எழுதியிராது. தேடுற இடம் வேற எண்டபடியால் சொல்லும் வேற வேணும். “மறைசேர்மானம்” எண்டால் என்ன?

ரெண்டும் தேடி முடிஞ்சு, பிறபொருளெதிரியும் இறங்கி, வயிறு மட்டும் இன்னும் குழம்பினால் அப்ப குளூட்டனையே பிடிச்சுத் தொங்கக் கூடாது. புண்பட்ட சடைமுளையில இலற்றோசைச் செமிக்க வைக்கிற நொதியம் குறைஞ்சிடும், பால்தேத்தண்ணியே வயித்தைக் கலக்கும். வெங்காயத்திலையும் உள்ளியிலையும் இருக்கிற புரக்டன் எண்ட மாச்சத்தும் ஊதப்பண்ணும். இறங்கின பிறபொருளெதிரியைப் பாத்து, துளி குளூட்டனும் உள்ளுக்குப் போகேல்லை எண்டு சத்தியம் பண்ணவும் ஏலாது. அதை டொக்டரும் உணவு ஆலோசகரும் இருந்து பிரிக்கவேணும். இந்தப் பிரிவுக்குத் தலைப்பு “பிற காரணங்கள்” எண்டே போடுங்கோ, புதுச்சொல் தேவையில்லை.

— தம்பி, கோண்டாவில்

* * *

தம்பி,

தொற்றை வெட்டியாச்சு. ஒட்டுக்கலப்புச் சரிவராது. ஒட்டுமாங்கண்டு, கலப்பினம் ரெண்டும் சேர்ந்த மாதிரி இருக்கு. விவசாயம் படிச்ச ஆக்கள் சிரிப்பினம்.

நேற்று என்ர மாமியிட்ட அரிதட்டுக் கதையைச் சொன்னன். “ஓ, கோதுமை மா முட்டின அரிதட்டோ” எண்டா. முட்டினது எண்டால் எங்கட பேச்சில பட்டது, தொட்டது. அப்ப “முட்டுக்கலப்பு” எண்டால் என்ன? முட்டாத மா, முட்டாத சட்டி எண்டு சமையலுக்கும் சொல்லலாம், ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முட்டு எண்டால் இங்க இழுப்பு வருத்தமும்தான், மருத்துவக் கையேட்டில அது இடிக்கும். தமிழ்நாட்டுக்காரர் மாடு முட்டினது எண்டும் நினைப்பினம். எண்டாலும் கையேடு முதலில போறது யாழ்ப்பாணத்து வீடுகளுக்குத்தான், அதால முட்டுக்கலப்பை முதலிலையும் தொடுகலப்பை அடைப்புக்குள்ளையும் போட்டிருக்கிறன். துடக்குப் பற்றி நீர் சொன்னதுக்கு அண்ணை மறுமொழி எழுதட்டும்.

மறைசேர்மானம் நல்லாயிருக்கு. ஆனால் பெட்டியில எழுதியிருந்தால் அது எப்பிடி மறைவு? “அறியாச் சேர்மானம்” எண்டு மாத்தவோ?