உணவுப் பாதுகாப்பு என்றால் எந்தப் பாதுகாப்பு?

மொழிபெயர்ப்புக்கூலி (வெள்ளவத்தை):
போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரம் தமிழாக்கினேன். ஆங்கிலத் தலைப்பு 'ஃபுட் சேஃப்டி'. 'உணவுப் பாதுகாப்பு' என்று போட்டேன். அச்சுக்குப் போகுமுன் பார்த்தால் அட்டையில் வயலும் நெல்மூட்டையும். உள்ளே இருப்பதோ கோழியை 70 பாகை செல்சியஸ் வரை வேகவைக்க வேண்டும், ஃபிரிட்ஜ் 5 பாகையைத் தாண்டக்கூடாது என்ற சங்கதி. படம் வரைந்த பிள்ளையில் பிழையில்லை. முந்தின மாதம் அதே இடத்துக்கு 'ஃபுட் செக்யூரிட்டி'யையும், அதாவது எல்லோருக்கும் சாப்பாடு கிடைப்பதையும், நான்தான் 'உணவுப் பாதுகாப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பது என் கட்சி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தேவையில்லாத தலையிடி அண்ணே. பாதுகாப்பு அமைச்சு என்று பலகையைப் பார்த்துவிட்டு யாராவது பழுதான மீனைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா? இடம் பார்த்து விளங்கும்.

மொழிபெயர்ப்புக்கூலி:
விளங்கினால் வயல் ஏன் அட்டைக்கு வந்தது தம்பி? இலங்கையில் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பால்மா கடையில் இல்லை, இருந்தாலும் விலை கேட்கப் பயம். அது செக்யூரிட்டி. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்லடொக்சின், அதாவது பூஞ்சண நஞ்சு, என்று ஊரே கதைத்ததே? எண்ணெய் இருந்தது, வாங்கக் காசும் இருந்தது, சட்டியில் ஊற்றலாமா என்பதுதான் கேள்வி. அது சேஃப்டி. இதற்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இருக்கிறார். பால்மாத் தட்டுப்பாட்டுக்குப் பி.எச்.ஐ. என்ன செய்வார்?

இந்தியாவிலும் இதே கூத்து. 2006 சட்டம் உணவின் தரம், கலப்படம் பற்றியது; 2013 சட்டம் மலிவு விலையில் அரிசி, கோதுமை கொடுக்க வந்தது. தமிழில் இரண்டும் 'உணவுப் பாதுகாப்பு'ச் சட்டம்தான்.

தெஹிவளை ரீச்சர்:
நான் கூலியார் பக்கம். 'சேஃப்' லத்தீனில் சேதமில்லாமல் முழுதாக இருப்பது என்ற சொல்லில் இருந்து வந்தது. 'செக்யூர்' என்றால் மூலத்தில் கவலையற்றது. பேச்சில் நாங்கள் ஏற்கெனவே பிரித்துத்தானே வைத்திருக்கிறோம்? சேலையில் குத்துவது சேஃப்டி பின், ஃப்ளாட் வாசலில் நிற்பவர் செக்யூரிட்டி. "கேற்றில் சேஃப்டி நிற்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் சிரிக்கும். விமானத்துறை உடன்படிக்கையில்கூட கடத்தல், குண்டு எல்லாம் 17ஆம் இணைப்பு, செக்யூரிட்டி. விபத்து வராமல் பார்ப்பது 19ஆம் இணைப்பு, சேஃப்டி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சரி ரீச்சர், ஆனால் 1996இல் ரோமில் உலக உணவு மாநாடு 'ஃபுட் செக்யூரிட்டி'க்குச் சொன்ன வரைவிலக்கணத்தை வாசித்தீர்களா? போதுமான, 'சேஃப்' ஆன, சத்துள்ள உணவு எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பது. சேஃப்டி அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் கட்டுகிற மதில் அங்கேயே இல்லை.

தெஹிவளை ரீச்சர்:
கறிக்குள் உப்பு இருக்கிறது. அதற்காகக் கறியை உப்பு என்பீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்ப சொல்லைத் தாருங்களேன், பார்ப்போம்.

மொழிபெயர்ப்புக்கூலி:
செக்யூரிட்டிக்கு 'உணவு உத்தரவாதம்'?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அது ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கிறது அண்ணே. ஒரு வருட வாரன்டியோடு சோறா?

தெஹிவளை ரீச்சர்:
சேஃப்டிக்கு 'உணவுத் தூய்மை' என்றும் யாரும் வராதீர்கள். அஃப்லடொக்சின் உள்ள எண்ணெய் பார்வைக்குக் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருக்கும்.

ஸ்ருட்கார்ட் திரும்பி:
பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் சமையலறை வேலை செய்தவன் சொல்கிறேன். அங்கேயும் பாதுகாப்புக்கு ஒரே சொல்தான், ஸிஹர்ஹைட். முன்னால் வருகிற சொல்லைத்தான் மாற்றுகிறார்கள். 'லேபன்ஸ்மிட்டல்', அதாவது உணவுப்பொருள், சேர்த்தால் சேஃப்டி. 'எர்நேருங்', சாப்பிட்டு உயிர்வளர்ப்பது, சேர்த்தால் செக்யூரிட்டி. நாங்களும் 'உணவுப்பொருள் பாதுகாப்பு' என்று ஒன்றைப் பிரித்துவிட்டால் போச்சு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பார்த்தீர்களா, 'பாதுகாப்பு' அப்படியே இருக்கிறது. வென்றது நான்.

மொழிபெயர்ப்புக்கூலி:
இரண்டு தலைப்பு வந்துவிட்டதே, நீங்கள் எப்படி வென்றீர்கள்? எனக்கு முழுத் திருப்தி இல்லை, என்றாலும் நாளைக்கு அச்சகத்துக்கு அதைத்தான் அனுப்புகிறேன். வயலை எடுத்துவிட்டு ஒரு கறிச்சட்டி வரையச் சொல்லியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சட்டிக்கு மூடியும் வரையச் சொல்லுங்கோ. இலையான் மொய்க்கும்.