குளிர் நாட்டில் தயிர் உறைய மாட்டேங்குது, டீயில் படலம் வேற

கேள்வி – புதுக்குடித்தனம்
வெளிநாட்டுக்கு வந்தாச்சு. ராத்திரி அடுக்களை 17, 18 டிகிரிதான். பாலைக் காய்ச்சி, கடைத் தயிர் ஒரு ஸ்பூன் உறை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கு. என்றைக்காவது உறைந்தாலும் நூல் மாதிரி இழுக்குது. டீயின் மேலே பழுப்புப் படலம் வேற. பால்தான் சரியில்லையா?

பதில் – உறைமோர்
பால் மேல் தப்பில்லை. வழிவழியாக வரும் வீட்டு உறையில் 25–30 டிகிரியிலேயே வேலை செய்யும் கிருமிகளும் இருக்கும். கடைத் தயிரில் இருப்பவை (லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ்) 40–45 டிகிரி கேட்கும். 18 டிகிரியில் தூங்கிவிடும்.

1 லிட்டர் கொழுப்பு எடுக்காத பாலை 85 டிகிரிக்குக் கொண்டுபோய், அடிபிடிக்காமல் கிளறியபடி 10 நிமிடம் அதே சூட்டில் வையுங்க. அப்போதுதான் பாலின் மோர்ப்புரதம் சுருள் அவிழ்ந்து, கேசின் என்ற இன்னொரு பால்புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டிப்படுவது அதனால்தான். 45க்கு ஆறியதும் 2 மேசைக்கரண்டி தயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றிக் கலக்குங்க. 55க்கு மேல் ஊற்றினால் உறை செத்துவிடும். பிறகு 5–6 மணி நேரம் அந்தச் சூடு இறங்கக் கூடாது. ஐஸ்பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜ் இல்லை, வெளியூர் எடுத்துப்போகும் தெர்மோகோல் மாதிரிப் பெட்டி) வெந்நீர் பாட்டிலோடு வைத்து மூடினால் போதும். உறைவதற்குள் ஆட்டிப் பார்க்காதீங்க, தண்ணீர் பிரியும்.

நூல் இழுப்பதும் பெரும்பாலும் சூடு குறைந்ததன் விளைவே. ஆனால் கெட்ட வாடையோ நிறமாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்க.

பதில் – பால்கணக்கு
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். உறைக்கு வாங்கும் தயிரில் உயிருள்ள கிருமிகள் என்று போட்டிருக்கணும். புளிக்க வைத்தபின் மறுபடி சூடாக்கி விற்பது எத்தனை ஊற்றினாலும் உறையாது. குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும் பால் ஏற்கெனவே 135 டிகிரியைத் தாண்டியது. காய்ச்ச வேண்டாம், 45க்குச் சூடாக்கினால் போதும். அதில் தயிர் கொஞ்சம் தளர்வாக வரும். லிட்டருக்கு 25 கிராம் பால்பவுடர் கலந்தால் சரியாகும்.

ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கச் சொல்வார்கள். சில ஓவனில் அது 30ஐக்கூடத் தொடாது, சிலதில் 50 தாண்டும். முதலில் வெறும் தண்ணீர் வைத்து அளந்து பாருங்க.

பதில் – கெட்டில்
டீ விவகாரம் தண்ணீருடையது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீரில் கால்சியம், பைகார்பனேட், தேயிலைச் சாறு மூன்றும் சேர்ந்து காற்று படும் மேற்பரப்பில் படலம் கட்டும். பால் சேர்த்தால் அதிகமாகும். ஜாடி வடிகட்டியில் பிடித்த தண்ணீர் ஊற்றினால் நன்றாகக் குறையும்; அதன் உள்ளே இருக்கும் வடிகட்டிக் குப்பியை (கார்ட்ரிட்ஜ்) மாற்றாமல் விட்டால் மறுபடி வரும். பால் இல்லாத டீ என்றால் நாலு சொட்டு எலுமிச்சை போதும்.

கெட்டிலின் உள்ளே வெள்ளைப் பொருக்கு இருக்கா? 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை அலசுங்க.

புதுக்குடித்தனம்
லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பாலில் உறையுமா?

பால்கணக்கு
உறையும். லாக்டோஸை ஏற்கெனவே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்திருப்பார்கள், அதனால் தயிர் கொஞ்சம் இனிக்கும். உறையப் பிந்தினால் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்க.