‘மாயவரம் வீடு’ குரூப், ஞாயிறு ராத்திரி

மல்லிகா அத்தை: *பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது*
கொரோனா வந்தவங்க டி.என்.ஏ.வே மாறிடுச்சாம்!! பிள்ளைகளுக்கும் போகுமாம்!! அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

கார்த்தி: அத்தை, தூங்கப் போற நேரத்துல இது தேவையா 😂

சேகர் சித்தப்பா: சிரிக்காதடா. ஐ.சி.யூ.ல கெடந்தவன் நான். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. அண்ணனுக்கு ரெண்டும் இருக்கு, மூணு நாள் காய்ச்சலோட எந்திரிச்சு உக்காந்துட்டாரு. எனக்கு மட்டும் ஏன்?

பெரியப்பா: நான் தெனம் நிலவேம்பு குடிச்சேன்.

சேகர் சித்தப்பா: நானுந்தாண்ணே குடிச்சேன்

நிவேதா: அத்தை, ஃபார்வர்ட் தப்பு. டி.என்.ஏ. எழுத்து மாறாது. ஆனா சித்தப்பா கேக்குறது சரியான கேள்வி. பார்சிலோனால மானெல் எஸ்டெல்லர்னு ஒரு விஞ்ஞானியோட குழுவும் இதத்தான் கேட்டாங்க, 2021ல. கொரோனா வந்த 407 பேரோட ரத்தத்தப் பாத்தாங்க. யாருக்கும் 61 வயசுக்கு மேல இல்ல, வேற நோயும் இல்ல. அதுல 213 பேருக்கு மூச்சுக்கு உதவி வேண்டியிருந்துச்சு. மத்த 194 பேருக்கு ஆஸ்பத்திரில சேர வேண்டியே வரல.

கார்த்தி: ரத்தத்துல எதப் பாத்தாங்க?

நிவேதா: மெத்தில். ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன், அவ்ளோதான். டி.என்.ஏ. மேல போய் ஒட்டிக்கும். ஜீன் ஆரம்பிக்கிற எடத்துல ஒட்டுனா பெரும்பாலும் அந்த ஜீன் அடங்கிடும். வீட்டு வயரிங் அதேதான், சுவிட்ச்சு மேல டேப்ப ஒட்டுன மாதிரி.

நிவேதா: ரெண்டு கூட்டத்துக்கும் மெத்தில் ஒட்டுறதுல 44 எடத்துல வித்தியாசம். அதுல ஒண்ணு ஏ.ஐ.எம்.2, செல்லுக்குள்ள இருக்கக்கூடாத எடத்துல டி.என்.ஏ. இருந்தா மோப்பம் பிடிச்சு அழற்சியக் கெளப்பி விடுற ஜீன். இன்னொண்ணு ஹெச்.எல்.ஏ.-சி. வைரஸ் துண்ட எதிர்ப்பு செல்லுங்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது.

மல்லிகா அத்தை: அப்ப முன்னாடியே டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாமாடி?

நிவேதா: அவசரப்படாதீங்க அத்தை. நோய் வந்தப்புறம் எடுத்த ரத்தம் அது. டேப் முன்னாடியே இருந்துச்சா, நோயே ஒட்டி விட்டுச்சான்னு அத வச்சு சொல்ல முடியாது. எனக்கு இதுல பெரிய சந்தேகமே அங்கதான். எவனாவது லேப் பேக்கேஜ்னு வித்தா வாங்கிடாதீங்க.

மல்லிகா அத்தை: பிள்ளைகளுக்குப் போகுமா போகாதா, அதச் சொல்லு

நிவேதா: ரத்த செல்லுல இருக்கிறது ரத்தத்தோட சரி. பயப்படாதீங்க.

சேகர் சித்தப்பா: வந்து போனப்புறமும் அந்த டேப் இருக்குமா?

நிவேதா: நியூயார்க் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிலேந்து 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு சித்தப்பா. மானோசைட்டுன்னு ஒரு வெள்ளணு, சில நாள்ல செத்துப் போறது. ஆனா கடுமையா வந்தவங்க ரத்தத்துல ஒரு வருஷம் வரைக்கும் அதுல மாத்தம் தெரிஞ்சுது. எப்படின்னு பாத்தா அத உற்பத்தி பண்ற ஸ்டெம் செல்லுலயே அடையாளம் விழுந்திருக்கு. இது மெத்தில் இல்ல, டி.என்.ஏ. சுருட்டி வச்சிருக்கிற விதமே மாறியிருக்கு. அதனால புதுசா பொறக்கிற மானோசைட்டும் சண்டைக்குத் தயாராவே வருது. எலிக்கு ஆரம்பத்துலயே ஐ.எல்.-6னு அழற்சியத் தூண்டுற ஒரு புரதத்த அடக்கினப்ப அந்த மாத்தம் கொறஞ்சுது.

சேகர் சித்தப்பா: எனக்கு இன்னமும் மாடி ஏறுனா வாங்குதும்மா

நிவேதா: அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. நுரையீரல் டாக்டர்ட்ட காட்டுங்க, மொதல்ல.

பெரியப்பா: நான் எத்தன தடவ சொல்லிட்டேன் இவன்ட்ட.

சேகர் சித்தப்பா: கார்த்தி, செவ்வாக்கெழம வண்டி எடுத்துட்டு வர்றியா

கார்த்தி: வர்றேன் சித்தப்பா. பழைய ஸ்கேன் ஃபைல எடுத்து வைங்க, சித்தி எங்க வச்சாங்கன்னு அன்னிக்குத் தேடாதீங்க.