பானை வாங்கப் போன இடத்தில்

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் ஊரிலிருந்து எல்ல என்கிற ஊர்ப் பக்கம் போகும்போது கும்பல்வெல சந்தி வரும். சின்ன வயதில் பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவினால், ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடம் என்று எடுத்துக்கொள்வேன். சிங்களத்தில் ‘கும்பல்’ என்றால் குயவர், ‘வெல’ என்றால் வயல். நம்முடைய கும்பத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். அது தெரிந்த நாளிலிருந்து பானை வனைகிறவர்களைக் கண்டால் நின்று பேசாமல் வர மனம் வருவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பானை இல்லாமல் எந்தக் காரியம் நடக்கிறது? தைப்பொங்கல், மாரியம்மன் கரகம், கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, கடைசியில் கொள்ளிக்குடம். ஆனால் எங்கள் டிவிஷனில் வனைகிற வீடு ஒன்றுகூட இருந்ததில்லை. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களில் குயவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்திருந்தாலும், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தபிறகு அவர்கள் கைக்குக் கிடைத்தது கொழுந்துக்கூடையும் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியும்தான். தேயிலை நிற்கிற சரிவில் வனைகிற களியும் கிடைக்காது, அது பள்ளத்து வயல்களில் இருக்கிறது. அதனால் பானை எங்களுக்கு நாட்டுப்பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்துதான் வரும்.

போன வருடக் கடைசியில் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது, கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடையில் இறங்கினேன். வீதியோரம் முழுக்க மட்பாண்டக் கடைகள். ஒரு கடைக்குப் பின்னால் வயதான அம்மா ஒருவர் பானை தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடி கிடையாது, சுவரும் தடிப்பாக இருந்தது. உள்ளே ஒரு கையால் வழவழப்பான கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டத் தட்ட, சுவர் மெலிந்து அடி தானாக மூடிக்கொண்டு வந்தது. சத்தம் ஒரே தாளத்தில் இருந்தது. நான் போக வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டன.

பொங்கலுக்குப் பானை வேண்டும் என்றேன். “துவே (மகளே), உங்கள் ஆட்கள் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்” என்றார். மஞ்சள் கொத்து கட்ட வேண்டுமே, கழுத்து கொஞ்சம் உயரமாக, உள்வாங்கி இருந்தால்தான் கொத்து நழுவாது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பால் பொங்கவைக்கச் சிங்கள வீடுகளில் கேட்பது வேறு வாட்டமாம். கஷ்டம் தைப் பானையில்தான் என்றார். அதைச் செய்கிற மாதங்களில் மழை விடாது, ஈரம் காயாமல் சூளைக்குப் போனால் வெடித்துவிடும். அதனால் அடுப்படியில் வரிசையாகக் கவிழ்த்துவைத்து உலர்த்துகிறார். வருடாவருடம் தை மாதம் “பானை விலை கூடிப்போச்சு” என்று சொல்வேன். இனிச் சொல்லமாட்டேன்.

அப்புறம் அவரே கேட்டார், தோட்டத்து ஆட்கள் சில நேரம் அவசரமாக வந்து, பேரம் பேசாமல் ஒரு குடம் வாங்கிப் போகிறார்களே, ஏன் என்று. கொள்ளிக்குடத்தைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் நிரப்பித் தோளில் வைப்பது, மூன்று சுற்றிலும் துளை போடுவது, பிறகு பின்பக்கமாகப் போட்டு உடைப்பது. பலகை நின்றது. உடைக்கிற குடந்தானே, அரைகுறையாகச் சுட்டது போதும் என்பாரோ என்று நினைத்தேன். “அதையும் முழுசாகத்தான் சுட வேண்டும். மூன்று சுற்றும் தண்ணீர் தாங்க வேண்டுமே” என்றார்.

மாத்தளையிலிருந்து:

அக்கா, அங்கே நெம்பிலிய பார்த்தீர்களா? உள்பக்கம் வரிவரியாக மேடு வைத்த சட்டி. அரிசியை அதில் அலசி மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் கல் வரிகளில் தங்கிவிடும். யாழ்ப்பாணத்து அம்மம்மா அதை அரிக்கன்சட்டி என்பார். கடை அரிசியில் இப்போது கல் குறைவு, கேட்பாரும் குறைவு. ஆனாலும் அந்த வரிகளை ஒரே இடைவெளியில் இழுக்கிற கை லேசான கை இல்லை. கண்டிச் சிங்களக் கலைகளைப் பற்றி 1908இல் பெரிய நூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, தந்தை வழியில் நம் தமிழர், குயவர் வேலையையும் அதில் சேர்த்தார்.

ஹட்டனிலிருந்து:

எங்கள் லயத்தில் நாலைந்து வருடமாக அலுமினியப் பானைதான். கடைசியாக வைத்த மண்பானை கீறிப்போய்ப் பால் அடுப்பில் ஊற்றியது, அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் கீறல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிச் சின்ன நெருப்பில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், இந்தத் தைக்கு இரண்டு பானை வாங்கி, ஒன்றை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.