1987: ஜே.ஆர். எதை நம்பி இந்தியாவைப் பகைத்துக்கொண்டார்?

வெள்ளவத்தைப் பெடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சண்டைக் காலத்தின் முதல் பாதியைப் பார்க்காதவன், பிறந்ததே 90களில்தான். போன கிழமை வீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் 87இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்த வடமராட்சிச் சண்டையைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். புலிகளுக்கு எதிராக இராணுவம் நடத்திய அந்த 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அரசாங்கம் வென்றிருக்கும், இந்தியா வந்து கெடுத்தது என்கிறார் மாமா. பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று பார்க்காமல் சண்டை தொடங்குகிறவன் என்ன தலைவன் என்று அப்பா கேட்கிறார். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

என் கேள்வி இதுதான். இந்தியா தலையிடாது என்று ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் எதை வைத்து நம்பியது? அந்த நேரம் கொழும்பில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோட்டைக் கந்தோர்:

தம்பி, நான் உங்கள் அப்பா பக்கம். அந்த வருடம் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. கந்தோரில் மேசைக்கு மேசை இதே கதைதான். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தமிழர் நாங்கள் அங்கே வாயைத் திறப்பதில்லை, காதை மட்டும் திறந்து வைத்திருந்தோம்.

இராணுவத் திட்டத்தைக் குறை சொல்ல வராது. மே 26ஆம் திகதி தொடங்கினார்கள், சில நாட்களிலேயே வடமராட்சி கையில். அடுத்தது யாழ்ப்பாண நகரம் என்று பேச்சு. அதற்குப் பிறகு டெல்லி என்ன செய்யும் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஜனவரியிலேயே குடாநாட்டுக்கு எரிபொருள் தடை. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு வெளிப்படையாகவே பணம் அறிவித்திருந்தார். இதையெல்லாம் பார்த்த பிறகும் ராஜீவ் சும்மா இருப்பார் என்று கணக்குப் போட்டதை நான் என்ன சொல்ல.

ஜே.ஆர். நம்பியது தூரத்து நண்பர்களை. பிரிட்டனும் ஆர்ஜென்டினாவும் சண்டை பிடித்த ஃபோக்லாந்துத் தீவு விவகாரத்தில் 1982இல் ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் வந்தபோது எதிர்த்து வாக்களித்தவை 12 நாடுகள். பிரிட்டனோடு சேர்ந்து கை தூக்கியதில் இலங்கையும் ஒன்று. அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டை 1976இல் இதே கொழும்பில் நடத்திய நாடு! 1984 ஜூனில் வாஷிங்டன் போய் ரேகனுக்கு ஒரு யானைக்குட்டி கொடுத்தார். அதே வருடம் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு நலன் பிரிவு திறந்தார்கள். அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுக்க கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் கூலிப்படைக் கம்பனி, ஆமிக்குப் பாகிஸ்தான். டெல்லிக்கு வயிறு எரிய இதைவிட வேறு என்ன வேண்டும்?

87 ஜூன் 3ஆம் திகதி இந்தியா படகுகளில் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணச் சாமான் அனுப்பியது. நேவி மறித்துத் திருப்பிவிட்டது. அன்று பின்னேரம் எங்கள் கந்தோரில் ஒரே கொண்டாட்டம். அடுத்த நாள் ஐந்து அன்ரனோவ் விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், குடாநாட்டில் வானத்திலிருந்து போட்டது ஏறக்குறைய 25 தொன் சாமான். இன்றைக்கும் சிங்களவர், தமிழர் எல்லாரும் 'பருப்புப் போட்டது' என்றுதான் சொல்வார்கள். குடாநாட்டுச் சனத்துக்கு அது ஒரு நேரச் சோற்றுக்கும் காணாது, ஆனால் கொழும்பை மிரட்டக் காணும். யானைக்குட்டி வாங்கிய வாஷிங்டன் வருத்தம் தெரிவித்ததோடு சரி. லண்டனும் அசையவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் வேறொன்றில். ஜே.ஆரிடம் பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பலம் இருந்தது. 1982இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, தேர்தல் இல்லாமலே அதை ஆறு வருடம் நீட்டினார். அந்தப் பலத்தோடு, தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர இந்தியத் தூதர் பார்த்தசாரதி கொண்டுவந்த 'இணைப்பு சி' யோசனையை 1984இல் நிறைவேற்றியிருக்கலாம். சர்வகட்சி மாநாடு என்று ஒரு வருடத்தை இழுத்தடித்துக் கைவிட்டார்கள். அப்புறம் 1987 நவம்பரில் அதே பாராளுமன்றம், அதே பலம், ஜூலையில் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தின்படி மாகாண சபைகளை அமைக்கும் 13ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. தானாகக் கொடுத்திருந்தால் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடு கொழும்பிலேயே பேசி முடித்திருக்கலாம். அந்த மனுசனையும் அவரது கட்சியையும் 83 ஓகஸ்டில் கொண்டுவந்த, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்ன ஆறாவது திருத்தத்தால் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றி, சென்னைக்கு அனுப்பி வைத்ததும் இதே அரசாங்கம்தான். பேச ஆளில்லாமல் பண்ணிவிட்டு, இந்தியா ஏன் நடுவில் வருகிறது என்று கேட்டார்கள்.

கொட்டாஞ்சேனை 13:

ஐயா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியில் இந்தியாவுக்கு வெள்ளையடிக்கிறீர்கள். 83க்குப் பிறகு எல்லாத் தமிழ் ஆயுத இயக்கங்களுக்கும் முகாம் போட்டுப் பயிற்சி கொடுத்தது யார்? இஸ்ரேல்காரன் வந்தது அதற்குப் பிறகுதானே. பக்கத்து நாட்டுக்குள் ஆயுதம் அனுப்புகிறவனோடு எந்த அரசாங்கம் கூடிக் குலாவும்? ஜே.ஆர். இல்லாமல் முன்னாள் பிரதமர் சிறிமா பண்டாரநாயக்க இருந்திருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்.

பழைய கோட்டைக் கந்தோர்:

சண்டை பிடித்திருப்பார், தம்பி, மறுக்கவில்லை. ஆனால் 1971 ஏப்ரலில் தெற்கில் சிங்கள இடதுசாரி இளைஞர்களின் ஜே.வி.பி. கிளர்ச்சி வந்தபோது சிறிமாவுக்கு உதவிக்கு வந்த நாடுகளில் இந்தியா முன்னுக்கு நின்றது. வங்கதேசப் போர் நடந்த அதே வருடக் கடைசிவரை பாகிஸ்தான் விமானங்கள் எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்காவில் இறங்கின என்ற கோபம் இந்திராவுக்கு இருந்தும், 1974இல் கச்சதீவு இலங்கைக்கு வந்தது. பகையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்ற அளவு அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இயக்கங்களை இந்தியா வளர்த்தது உண்மை. அதற்கு அவர்களும் விலை கொடுத்தார்கள். 87இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். கடைசியில் ராஜீவே போனார்.

மருதானைக்காரன்:

அண்ணைமாரே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். இஸ்ரேல் நலன் பிரிவு வந்தபோது டெல்லியைவிட அதிகமாகக் கொதித்தது எங்கள் முஸ்லிம் ஆட்கள்தான். வீட்டுக்கு வீடு மத்திய கிழக்கில் ஒருவர் வேலை செய்த காலம், தேயிலை போனதும் அங்கேதான். வெளிநாட்டு அமைச்சர் ஹமீது அக்குறணைக்காரர். அவரை வைத்துக்கொண்டே இஸ்ரேலுக்குக் கதவு திறந்தது எந்த ஊர் இராஜதந்திரம் என்று வாப்பா கேட்பார்.

இன்னொன்று. 87 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் வடக்கையும் கிழக்கையும் இணைத்தார்களே, கிழக்கு முஸ்லிம்களிடம் யார் கேட்டார்கள்? வாக்கெடுப்பு என்று எழுதினார்கள், கடைசிவரை வைக்கவில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் பிரித்தது. அவசரத்தில் போட்ட கையெழுத்துக்கு இதுதான் கதி.

பழைய கோட்டைக் கந்தோர்:

நியாயம். அந்த அவசரம் ஒப்பந்தத்தோடு சேர்ந்து போன கடிதங்களில் இன்னும் நன்றாகத் தெரியும். வெளிநாட்டு இராணுவ ஆட்கள், திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அந்நிய வானொலி எல்லாவற்றிலும் டெல்லி கேட்டதற்கு ஜே.ஆர். ஒத்துக்கொண்டார். நான்கு வருடம் வீறாப்பாகக் காட்டிய வெளிநாட்டுக் கொள்கை முழுவதையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தார். எண்ணெய்க் குதங்கள் 99. அவற்றை யார் எத்தனை வைத்திருப்பது என்று 2022 ஜனவரியிலும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளவத்தைப் பெடியன்:

நன்றி ஐயா, நன்றி அண்ணைமார். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியென்றால் புலிகளை முடித்த 2009 கடைசிச் சண்டையில் மட்டும் இந்தியா ஏன் விட்டது என்று கேட்கிறார்.

பழைய கோட்டைக் கந்தோர்:

மகிந்த தரப்பு 87ஐ மறக்கவில்லை என்று சொல்லுங்கள். அவரது தம்பிமார் பசில், கோட்டாபய, செயலாளர் லலித் வீரதுங்க மூன்று பேரும் டெல்லியில் வெளியுறவுச் செயலாளர் மேனன், பாதுகாப்பு ஆலோசகர் நாராயணன் ஆட்களோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தார்கள். ஜே.ஆர். செய்யாத வேலை அது. சண்டை முடியும்வரை 13ஆவது திருத்தத்துக்கும் மேலே தருவோம் என்று சொன்னார்கள், முடிந்த பிறகு தரவில்லை. 2012 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. மாமாவின் பதிலையும் இங்கே போடுங்கள்.