பிரிமோ லெவியின் பதில்கள்: இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து வாசிக்கிறேன். எல்லோரும் பத்தாம், பதினொன்றாம் வகுப்பு. இப்போது பிரிமோ லெவியைப் படிக்கிறோம்.

இத்தாலியின் டூரின் நகரத்து யூதர், வேதியியல் படித்தவர். 1944 பிப்ரவரியில், ஜெர்மானிய நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். கையில் குத்திய எண் 174517. பிழைத்து வந்து எழுதிய நினைவுகளை 1947இல் ஒரு சிறு பதிப்பகம்தான் வெளியிட்டது. 1958இல் மறுபதிப்பு வந்த பிறகே அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பள்ளிகளுக்கும் போனது. லெவி நேரில் போய் மாணவர்களோடு பேசினார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு 1976இல் பள்ளிப் பதிப்பின் பின்னிணைப்பாகப் பதில் எழுதினார். ஏன் யாரும் தப்பி ஓடவில்லை? சாதாரண ஜெர்மானியர்களுக்கு இது தெரியாதா? உங்கள் எழுத்தில் ஏன் வெறுப்பே இல்லை?

எங்கள் பிள்ளைகளும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைக் கேட்டார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதனால் அந்தப் பதில்களை ஆங்கிலம் வழியாகத் தமிழில் பெயர்த்து வருகிறேன். சாட்சி சொல்பவனின் நிதானமான மொழியில் வேண்டுமென்றே எழுதியதாக அவர் சொல்கிறார். அந்த நிதானம் என் தமிழில் வரவில்லை, உணர்ச்சி கூடிவிடுகிறது.

இத்தாலிய மூலத்தோடு ஒப்பிட்டு ஒரு நான்கு பக்கம் மட்டும் பார்த்துத் தர யாராவது இருக்கிறீர்களா? இன்னொன்று. போன வாரம் ஒரு பெண் பாதியிலேயே அழுதுவிட்டாள். இத்தகைய எழுத்தைப் பிள்ளைகளோடு வாசித்த ஆசிரியர்கள் இருந்தால், அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் தெரிந்தால் நல்லது.