ஜாடி மெழுகுவர்த்தி: ஒவ்வொரு வாசனைக்கும் தனியாகத் திரி சோதிக்கணுமா?

கோபி மெழுகு:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டிலேயே கண்ணாடி ஜாடியில் சோயா எண்ணெய் மெழுகில் மெழுகுவர்த்தி ஊற்றுகிறேன். ஜாடியின் உள் அகலம் 7 செ.மீ. 200 கிராம் வேக்ஸ், 8 சதவீதம் வாசனை எண்ணெய். வாசனை சேர்க்காமல் ஊற்றியது அழகாக எரிந்தது. அதே திரியை மல்லி வாசனைக்குப் போட்டால் ஓரமெல்லாம் மெழுகு அப்படியே நிற்க, நடுவில் மட்டும் குழி விழுகிறது. வெண்ணிலா கலந்த சந்தனத்தில் சுடர் ஆடிக்கொண்டே புகைகிறது, திரி முனையில் கரி கட்டுகிறது. சாமான் வாங்கிய கடையில் கேட்டால், ஜாடி அளவுக்கு ஒரே திரிதான், வாசனை எதுவானாலும் சரி என்கிறார்கள். தீபாவளிக்கு ஆறு வாசனை தருவதாகப் பேசியிருக்கிறேன். ஆறுக்கும் தனித்தனியாகச் சோதிக்கணுமா? ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஜாடி எரிந்து போகிறதே, அதோடு சேர்ந்து வயிறும் எரிகிறது.

திருப்பூர் நூல்:
கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை அம்மிணி. ஆறு வாசனை, ஒவ்வொன்றுக்கும் மூன்று திரி, எல்லாவற்றையும் அடி வரை எரிப்பது என்று கிளம்பினால் தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடும். இந்தச் சோதனை முறையெல்லாம் அமெரிக்காக்காரன் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியது. நமக்கு ஆடியிலேயே 32. எந்த ஜாடிக்கு எந்தத் திரி என்று அவன் போட்ட அட்டவணை இங்கே எப்படிப் பொருந்தும்? நல்ல பஞ்சு நூலை முறுக்கி, உருகிய மெழுகில் முக்கி நட்டு வைத்தால் எரியும். குத்துவிளக்குத் திரியை எந்தப் பாட்டி சோதித்துப் பார்த்தாள்?

பீளமேடு லேப்:
அட்டவணை இங்கே பொருந்தாது என்பது சரிதான் அண்ணா. ஆனால் அதை வைத்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் தலைகீழ். அட்டவணையை நம்ப முடியாது என்றால் நம் கையில் மிச்சமிருப்பது சோதனை ஒன்றுதானே?

குத்துவிளக்கை இதோடு சேர்க்காதீர்கள். அதில் எண்ணெய் முன்னமே திரவமாக இருக்கிறது, திரி தணிந்தால் கையால் தள்ளிவிடுகிறோம், பக்கத்தில் ஆள் இருக்கிறது. ஜாடியில் சுடர் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே உருக்கிக்கொள்ள வேண்டும். உருகியது திரியின் நுண்துளைகள் வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. சோயா மெழுகு உருகினாலும், பெட்ரோலிய மெழுகான பாரஃபினைவிடக் கொஞ்சம் கனமாகவே ஏறும். அதில் வாசனை எண்ணெயைக் கலந்தால் ஏறும் வேகம் மறுபடி மாறும். வெண்ணிலா, சந்தனம், சாம்பிராணி மாதிரி கனத்த வாசனைகள் திரியை அடைத்துக்கொள்ளும். முனையில் கரி கட்டுவதற்கு அது ஒரு காரணம். மல்லி எண்ணெய் வேறு கலவை, வேறு குணம். கோபி அக்கா சொன்னதே சாட்சி: ஒரே ஜாடி, ஒரே திரி, ஆனால் மூன்று விதமாக எரிந்திருக்கிறது.

சோதனை என்றால் அரை மணி நேரம் ஏற்றிவிட்டு மூக்கை நீட்டுவது இல்லை. திரியை 5, 6 மில்லிமீட்டருக்கு நறுக்கி 4 மணி நேரம் எரிய விட வேண்டும். அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி நறுக்கி, மறுபடி 4 மணி நேரம். அடியில் ஒரு விரல் மெழுகு நிற்கும் வரை இதே கதைதான். ஒவ்வொரு முறையும் எவ்வளவு அகலம் உருகியது, எவ்வளவு ஆழம், சுடர் எவ்வளவு உயரம், கண்ணாடியில் புகைக்கறை உண்டா, ஜாடியைக் கையால் தொட முடிகிறதா என்று எழுதி வைக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது முதல் ஏற்றலில். ஒரு மணி நேரத்திலேயே சுவர் வரை உருகிவிட்டால் ஆகா என்று மகிழ்ந்து அந்தத் திரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஜாடி பாதி காலியானதும் சுடர் உள்ளே இறங்கிவிடும், சுற்றிலும் கண்ணாடிச் சுவர் சூட்டைப் பிடித்து வைக்கும். மேலே அளவாக எரிந்த திரி கீழே போனால் அளவுக்கு மீறி எரியும். அதனால் முதல் இரண்டு ஏற்றலில் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டி நிற்பது நல்ல அறிகுறி. கீழே போகப் போக அது தானே உருகிச் சேர்ந்துகொள்ளும். ஜாடி விரிசல் விடுவதும் அடிப்பாகத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. டீக்கடை கிளாஸில் ஊற்றுகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

திருப்பூர் நூல்:
பாடம் நல்லா எடுக்கிறீங்க. ஆனால் இவ்வளவையும் ஃபேனை அணைத்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டுத்தானே செய்வீர்கள்? சித்திரையில் ஈரோட்டில் எந்த வீட்டில் ஃபேன் நிற்கிறது? ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் வரை வந்து கதவை அடிக்கிறது. வாங்குகிறவர் ஏற்றப் போவது அந்தக் காற்றில். நீங்கள் காற்றில்லாத அறையில் தேர்ந்தெடுத்த திரி அங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியைக் கரியாக்கும். அப்போது உங்கள் நோட்டுப் புத்தகம் என்ன செய்யும்?

பவானி ஆறு:
அண்ணன் கேட்டது நியாயம். எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் மெழுகுவர்த்தி, கரண்ட் போனால் ஃபேனும் இல்லை என்பது வேறு விஷயம்.

பீளமேடு லேப்:
நியாயம்தான். அதற்கும் வழி உண்டு. திரியைத் தேர்வது காற்றில்லாத இடத்தில்தான். காற்றில் தேர்ந்தால் இன்றைய காற்றுக்குத் தேர்ந்தது நாளைக்குப் பொருந்தாது. தேர்ந்த பிறகு அதே ஜாடியை ஃபேன் ஓடும் அறையில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். சுடர் சாய்ந்த பக்கத்தில் கண்ணாடி எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு கறுக்கிறது என்று தெரிந்துவிடும். அதிகம் என்றால் ஒரு அளவு சின்னத் திரிக்கு இறங்குங்கள். அடி லேபிளில் ‘ஃபேன் காற்றில் வைக்காதீர்கள்’ என்றும் போடுங்கள். படிக்கிறவர்கள் படிப்பார்கள்.

திருப்பூர் நூல்:
லேபிளைப் படித்து ஃபேனை அணைக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கரூர் வெயில்:
நான் விற்கிற பக்கம். உங்கள் இரண்டு பேர் சண்டையிலும் வராத ஒன்று உண்டு. ஜாடிக்கான சோயா வேக்ஸ் பலவும் 46 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். கரூரில் வெயில் காலத்தில் வெளியே 40. மூடிய வண்டிக்குள் கேட்கவே வேண்டாம். பார்சல் போய்ச் சேரும்போது மேல்மட்டம் குழைந்து, வாசனை எண்ணெய் வியர்வையாய்க் கசிந்து நிற்கும். அதற்காகக் கடினமான வேக்ஸ் கொஞ்சம் கலந்தால் பார்சல் தப்பிக்கும், ஆனால் திரி மறுபடி முதலிலிருந்து. தீபாவளிச் சரக்கு ஐப்பசி மழையில் போகிறதால் கோபி அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சித்திரையில் விற்கிற எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

பொள்ளாச்சித் தோப்பு:
எதற்குங்க அமெரிக்கச் சோயா? நம் தோப்பில் தேங்காய் கொட்டிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெயில் தேன் மெழுகு கலந்து, ஜாடிக்குப் பதிலாகக் கொட்டாங்குச்சியில் ஊற்றினால் மொத்தமும் ஊர்ச் சரக்கு. பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

கரூர் வெயில்:
கொட்டாங்குச்சியை அடுப்பெரிக்க வைத்திருக்கிறோம், அதிலேயே சுடரை வைக்கச் சொல்கிறீர்களா?

பீளமேடு லேப்:
கொட்டாங்குச்சி வேண்டவே வேண்டாம். மெழுகு ஊறிய நார் இரண்டாவது திரியாகிவிடும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் இளகும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிறது, ஒன்பது மணிக்கு இளகிவிடுகிறது. கடைகளில் தேங்காய் வேக்ஸ் என்று வருவது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய். அதுவும் தனியாக நம் வெயிலைத் தாங்காது, அதனால்தான் வேறு மெழுகுகளோடு கலந்து விற்கிறார்கள். தேன் மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகுவது, கலந்தால் கெட்டிப்படும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கென்று ஒரு வாசனை உண்டு, அது மல்லியோடு மல்லுக்கட்டும். மணம் சேர்க்காத மெழுகுவர்த்திக்கு உங்கள் யோசனை நன்றாகவே வரும்.

திருப்பூர் நூல்:
சரி, மெழுகு உங்கள் பாடு. நூலுக்கு வருகிறேன், அது என் பிழைப்பு. வெளிநாட்டுத் திரிக்கு மீட்டர் கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். இங்கே கோம்ப்டு காட்டன், அதாவது சீவிச் சுத்தம் செய்த பஞ்சு நூல், கோன் கோனாக நிற்கிறது. மூன்று இழையை முறுக்கினால் திரி. அதில் என்ன குறை?

பீளமேடு லேப்:
முறுக்கியதுதான் குறை. முறுக்கிய திரி எரியும்போது நேராக நிற்கும். அதன் முனை சுடரின் நடுவில் மாட்டிக்கொள்ளும், அங்கே காற்று போதாது, அதனால் எரியாமல் கரியாகச் சேரும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கத்தரியும் கையுமாக உட்கார்ந்து கருகிய திரியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1820களில் பிரான்சில் கம்பாசெரேஸ் என்பவர் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். தட்டையாகப் பின்னிய திரி எரிய எரிய வளையும், முனை சுடரின் வெளி ஓரத்துக்கு வந்து தானே எரிந்து சாம்பலாகும். இன்றைக்குப் பருத்தித் திரிகளில் பெரும்பாலானவை பின்னியவைதான்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். மில்லிலிருந்து வரும் பச்சை நூலில் பஞ்சின் இயற்கை மெழுகு இருக்கும், தண்ணீரில் போட்டாலே சட்டென்று நனையாது. காரத்தில் வேகவைத்து எடுத்தால்தான் உறிஞ்சும். பனியன் வேஸ்டில் லைக்ரா, பாலியெஸ்டர் கலந்திருந்தால் எரிவதற்குப் பதில் உருகி உருண்டை பிடிக்கும்.

திருப்பூர் நூல்:
லைக்ரா கலந்ததை நான் தரவே மாட்டேன், அந்தப் பேச்சை விடுங்கள். நூலை அப்படி வேகவைத்து, அதாவது ஸ்கவரிங் செய்து வாங்குவது எனக்கு ஒரு ஃபோன் வேலை. பின்னுவதும் பெரிய விஷயமில்லை. டி-ஷர்ட்டுக்கு நாடா பின்னுகிற மெஷின் எங்கள் தெருவிலேயே ஓடுகிறது, இழையைக் குறைத்து ஓட்டினால் தட்டைத் திரி வரும். பிறகு உங்கள் வெளிநாட்டுத் திரி நம்பர் எதற்கு?

கோபி மெழுகு:
திரிச் சண்டைக்கு நடுவில் என் மணத்தை மறந்துவிட்டீர்களே. மல்லி ஜாடி ஆறியிருக்கும்போது கமகமவென்று இருக்கிறது, ஏற்றினால் ஒன்றுமே தெரியவில்லை. 12 சதவீதம் போடலாமா? எங்கள் அத்தை சத்தியமங்கலம் மல்லியை உதிர்த்து மெழுகுக்குள் போடச் சொல்கிறார்.

கரூர் வெயில்:
பூ வேண்டாமுங்க. காய்ந்த பூ பற்றிக்கொள்ளும், மணமும் வராது. மல்லியின் மணத்தைக் கரைப்பான் வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள், அதன் விலையைக் கேட்டால் அத்தையே வேண்டாம் என்பார். சதவீதத்தைக் கூட்டுவதும் வழியில்லை. வேக்ஸ் தாங்குவதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் மேலே கசியும், திரி திணறும். 8 சதவீதம் என்பதை எடையில்தான் போடுகிறீர்களா? 200 கிராமுக்கு 16 கிராம். மில்லியில் அளந்தால் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும்.

பீளமேடு லேப்:
அக்கா, உங்கள் மல்லியில் நடுவில்தானே குழி விழுகிறது? மணம் வராததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். உருகி நிற்கும் மெழுகின் பரப்பிலிருந்துதான் மணம் எழும்புகிறது. பரப்பு ரூபாய் நாணயம் அளவு இருந்தால் மணமும் அவ்வளவுதான். ஒரு அளவு பெரிய திரி போட்டுப் பாருங்கள், பிறகு சதவீதத்தைப் பற்றிப் பேசலாம். எண்ணெயை 80, 85 டிகிரியில் சேர்த்து இரண்டு நிமிடமாவது மெதுவாகக் கலக்குகிறீர்களா என்பதையும், ஊற்றி எத்தனை நாளில் ஏற்றுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சோயாவுக்கு இரண்டு வாரம் ஆறப் போட வேண்டும், மறுநாளே ஏற்றினால் மணம் பாதிதான். அப்புறம் நாள் முழுக்க ஊற்றுகிற நம் மூக்கு மரத்துப்போயிருக்கும். வெளியே இருந்து வருகிற ஆளைக் கேளுங்கள்.

ஜாடி வீணாகிறது என்றீர்கள். திரி இல்லாமலே ஊற்றி ஆறப் போடுங்கள். ஆறியதும் சூடான கம்பியால் நடுவில் துளைத்துத் திரியைச் செருகி ஒரு முறை ஏற்றுங்கள். சரியில்லை என்றால் மெழுகு இளகியிருக்கும்போதே அதைப் பிடுங்கிவிட்டு அடுத்த அளவு. ஒரே ஜாடியில் இரண்டு மூன்று திரிகளைக் கழித்துக் கட்டிவிடலாம். மிஞ்சும் ஒன்றை மட்டும் புது ஜாடியில், முறைப்படி நட்டு, அடி வரை எரித்தால் போதும்.

திருப்பூர் நூல்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் மல்லி, முல்லை, சம்பங்கி எல்லாம் பூ ரகம்தானே, மூன்றுக்கும் சேர்த்து ஒரு சோதனை போதும் என்பேன்.

பீளமேடு லேப்:
எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு வேண்டுமானால் அந்த ரகம் உதவும். மல்லி என்று லேபிள் ஒட்டிய இரண்டு கடைப் பாட்டில்களே ஒன்றுபோல் எரியாது. அடி வரை எரிப்பது தனித்தனிதான்.

கோபி மெழுகு:
எடையில்தான் போடுகிறேன். ஆனால் ஊற்றி நாலைந்து நாளில் ஏற்றிவிடுகிறேன், சூடும் 65 தாண்டியதில்லை. இரண்டையும் மாற்றுகிறேன். ஆர்டர் கொடுத்தவரிடம் பேசிவிட்டேன், தீபாவளிக்கு மல்லியும் சந்தனமும் மட்டும். மற்ற நாலும் பொங்கலுக்கு. திருப்பூர் அண்ணா, அந்தத் தட்டைத் திரி பத்து மீட்டர் அனுப்ப முடியுமா? காசு அனுப்பிவிடுகிறேன்.

திருப்பூர் நூல்:
பத்து மீட்டருக்குக் காசா? நீ எரித்துப் பார்த்துச் சொல்லு அம்மிணி, அது போதும். ஃபேனைப் போட்டுக்கொண்டும் எரி.

பீளமேடு லேப்:
அனுப்பும்போது எந்தக் கோன், எத்தனை இழை, மெஷினில் எந்த இறுக்கம் என்று சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள் அண்ணா. அடுத்த லாட்டில் இதில் எது மாறினாலும் அக்கா திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.